மாடும் தீயும் ஒரு சிறு செடியும்

ஆண்டுதோறும் கோடை பிறந்ததும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மாநிலங்கள் தீப்பற்றி எரியும் காட்சிகளை நாம் தொலைக்காட்சியிற் காண்கின்றோம். ஓங்கி வளர்ந்த ஊசியிலை மரங்கள் தீப்பந்தங்களாக நிற்பதே அக்காட்சிகளில் மேலோங்கித் தெரியும். ஆயினும் அங்கு எரிபவை காடுகள் மாத்திரமல்ல. மழை குறைந்த, மனித நடமாட்டம் அரிதான, புதர்களும் புற்களும் நிறைந்த பெருவெளிகளும் இலட்சக்கணக்கான ஏக்கர் அளவில் எரிந்து வருகின்றன. வீடுகள் எரியாதவிடத்து அத்தீ பெரிய செய்தியாவதில்லை.

இப்பெருவெளிகளில் மாடுகள் மேய்கின்றன. மாட்டுக்கு உரியவர் நிலத்துக்கு உரியவர் அல்லர், நிலம் அரசினுடையது. அதே நிலத்தில், உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு செடியும் வாழ்கின்றது. மாடு மேய்ந்தாற் புல் குறையும், புல் குறைந்தால் தீ குறையும், தீ குறைந்தாற் செடி பிழைக்கும் என்பர் ஒரு சாரார். மாட்டின் குளம்பே அச்செடிக்குப் பகை என்பர் மறுசாரார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் இவ்வாதம் நடந்துள்ளது. இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. அவ்விரு உண்மைகளும் ஒரே பருவத்தில், ஒரே சேற்று நிலத்தில் மோதிக் கொள்வதுதான் சிக்கலின் வேர்.

பொதுநிலம் என்பது யாருடையது?

இக்கதை நிகழும் இடம், நாட்டின் வடமேற்கிலுள்ள ஐடஹோ மாநிலத்தின் தென்மேற்குப் பகுதி. ஸ்னேக் ஆறு வளைந்து செல்லும் சமவெளியும், அதற்குத் தெற்கே உள்ள ஒவைஹீ மேட்டுநிலமும் இதில் அடங்கும். ஐடஹோ மாநில நிலத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் மத்திய அரசின் கையிலுள்ளது.

அரசு அந்நிலத்தை எவ்வாறு பெற்றது என்பதையும் நோக்க வேண்டும். சோஷோனி, பையூட், பானொக் ஆகிய பூர்வீகக் குடிகள் வாழ்ந்து வந்த மண் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொன் தேடி வந்தோரும் குடியேறியோரும் படையினரும் அவர்களை அங்கிருந்து அகற்றினர். பயிர் செய்யத்தக்க வளமான நிலத்தைக் குடியேறியோர் எடுத்துக்கொண்டனர். எவரும் விரும்பாத வறண்ட நிலம் அரசிடம் எஞ்சியது. அதுவே இன்று பொதுநிலம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஐடஹோ, நெவாடா மாநிலங்களின் எல்லையிலுள்ள டக் வலி ஒதுக்கு நிலத்தில் சோஷோனி, பையூட் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். பொதுநிலம் என்ற சொல்லின் பின்னே மறைந்திருக்கும் இவ்வரலாறு, நிலமிழந்து வந்த எமக்கு விளக்கம் வேண்டாதது.

1860களின் பின்னர் மாடுகளும் செம்மறிகளும் இவ்வெளிகளில் பெருந்தொகையாக விடப்பட்டன. எவரும் எத்தனை கால்நடைகளையும் மேய்க்கலாம் என்றிருந்த காலம் அது. இன்று விட்டு வைத்த புல்லை நாளை அயலவன் மாடு தின்றுவிடும் என்பதனால், விட்டு வைப்பார் எவருமிலர். புல் அழிந்து, மண் காற்றிற் பறந்த பின்னரே சட்டம் வந்தது. 1934ஆம் ஆண்டு யூன் 28ஆம் திகதி சனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட ரெய்லர் மேய்ச்சற் சட்டம், மேய்ச்சலை அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டு வந்தது. 1946இல் நில முகாமைத்துவப் பணியகம் உருவாக்கப்பட்டது. சுமார் 24 கோடியே 50 இலட்சம் ஏக்கர் நிலம் இன்று இப்பணியகத்தின் பொறுப்பிலுள்ளது. அதில் ஏறத்தாழ 15 கோடியே 50 இலட்சம் ஏக்கரில் மேய்ச்சலுக்கு இடமுண்டு.

அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு வழங்கப்படும். ஒரு பசுவும் கன்றும், அல்லது ஐந்து செம்மறிகள், ஒரு மாதம் மேய்வதற்கான கட்டணம் 2024இல் 1 டொலர் 35 சதமாக இருந்தது. தனியார் நிலத்தில் இதற்கு 20 டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும். அரசு பண்ணையாளருக்கு மறைமுகமாக உதவுகின்றது என்ற குற்றச்சாட்டு இதனால் எழுகின்றது. வேலியும் நீரும் தாமே அமைக்க வேண்டிய, புல் குறைந்த நிலத்துக்கு இதுவே தகுந்த கட்டணம் எனப் பண்ணையாளர் மறுமொழி கூறுகின்றனர்.

ஏமாற்றுப் புல்

இவ்வெளியின் இயற்கைத் தோற்றத்தை முதலில் அறிதல் நன்று. சாம்பற் பச்சை நிறமான சேஜ்பிரஷ் என்னும் புதரே இங்கு தலையாயது. பூமாலையில் எம்மவர் சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்தது அது, வாசனையும் உடையது. புதர்களுக்கிடையே பல்லாண்டு வாழும் புற்கள் குத்துக் குத்தாக நிற்கும். குத்துகளுக்கு நடுவே கிடக்கும் வெறும் நிலமும் உயிரற்றதல்ல. பாசியும் இலைக்கனும் நுண்ணுயிர்களும் பின்னிப் பிணைந்து, மண்ணுக்கு ஒரு மேற்றோல் போலப் படர்ந்திருக்கும். காற்றில் மண் பறவாமலும் அந்நிய விதைகள் எளிதில் வேரூன்றாமலும் காப்பது இத்தோலே. மாட்டின் குளம்பு பட்டால் அது உடையும். மீள வளரப் பல ஆண்டுகள் செல்லும்.

இத்தகைய வெளியில் தீ மூண்டாலும் நெடுந்தூரம் செல்லாது. ஒரு குத்திலிருந்து மறு குத்துக்குத் தாவ வழியில்லாமற் பல தீக்கள் தாமே அணைந்துவிடும். ஒரே இடம் மீண்டும் எரிவதற்கு ஐம்பது ஆண்டுகளோ நூறு ஆண்டுகளோ அதற்கும் மேலோ சென்றன என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலைமை மாறத் தொடங்கியது. ஐரோப்பா, ஆசியாக் கண்டங்களுக்குரிய ஒரு புல், கோதுமை விதைகளுடனும் சரக்குகளுடனும் வந்து சேர்ந்தது. சீற்கிராஸ் என்று அதனை அழைப்பர். ஏமாற்றுப் புல் என்பது அதன் பொருள். மேய்ச்சலால் தேய்ந்து மேற்றோல் உடைந்திருந்த மண்ணில் அது தடையின்றிப் பரவியது. இருப்புப்பாதை சென்ற வழியெல்லாம் அதுவும் சென்றது. 1930களில் மேற்குப் பெருவெளிகளின் பெரும்பகுதியை எட்டிவிட்டது.

இப்புல்லின் வலிமை அதன் அவசரத்தில் உள்ளது. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலத்திலும் வேர் விட்டு, இளவேனிலின் ஈரத்தை மற்றச் செடிகளுக்கு முன்னரே உறிஞ்சிக் கொள்கின்றது. நாட்டுப் புற்கள் இன்னும் பசுமையாக நிற்கும் யூன் மாதத்திலேயே இது விதை உதிர்த்துக் காய்ந்து சருகாகி விடுகின்றது. வெற்றிடமாக இருந்த இடைவெளிகளை எல்லாம் இச்சருகு நிரப்புகின்றது. பின்னர் ஒரு மின்னல் போதும். வீதியோரம் எறியப்பட்ட ஒரு சிகரெட் துண்டு போதும்.

எரிந்த இடத்தில் முதலில் முளைப்பதும் இப்புல்தான். இப்பகுதியின் தாழ்நிலத்துச் சேஜ்பிரஷ் எரிந்தால் அடியிலிருந்து தளிர்ப்பதில்லை; விதையிலிருந்தே மீண்டும் வர வேண்டும். அவ்விதையோ மண்ணில் நெடுங்காலம் உயிரோடிருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு தீயின் பின்னரும் புதர் குறைகின்றது, புல் கூடுகின்றது, அடுத்த தீ விரைந்து வருகின்றது. ஸ்னேக் ஆற்றுச் சமவெளியின் சில பகுதிகளில் ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவான இடைவெளியில் ஒரே நிலம் மீண்டும் மீண்டும் எரியும் நிலை தோன்றியுள்ளது.

வழுக்குத் திட்டுகளில் ஒரு குடியிருப்பு

இந்தச் சுழலின் நடுவே அகப்பட்டிருப்பதுதான் நாம் கூற வந்த செடி. சிலிக்ஸ்பொட் பெப்பர்கிராஸ் என்பது அதன் பெயர். தாவரவியலார் லெப்பிடியம் பப்பிலிபெரம் என்பர். வழுக்குத் திட்டு மிளகுப்புல் என நாம் மொழிபெயர்க்கலாம். புல் என்று பெயர் இருப்பினும் அது புல்லன்று. எமது அடுக்களைக் கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த பூக்குஞ்செடி. ஒரு சாண் அல்லது இரு சாண் உயரம் வளர்ந்து, சிறிய வெண்ணிறப் பூக்களைக் கொத்தாகத் தாங்கி நிற்கும்.

அதன் வாழிடம் விந்தையானது. சேஜ்பிரஷ் வெளியில் ஆங்காங்கே, பெரும்பாலும் ஒன்றிரண்டு சதுர மீற்றர் பரப்பே உடைய மொட்டைத் திட்டுகள் காணப்படுகின்றன. களிமண்ணும் சோடிய உப்பும் மிகுந்த இத்திட்டுகளில் மழைநீர் எளிதில் உள்ளிறங்காது தேங்கி நிற்கும்; மிதித்தால் வழுக்கும். வேறு செடிகள் வாழ விரும்பாத இந்த உவர் மண்ணிலேதான் மிளகுப்புல் குடியிருக்கின்றது. இத்திட்டுகள் உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றிருக்க வேண்டும் என்பது மண்ணியலார் கருத்து. இன்று அழிந்தால் புதிதாக ஒன்றை மனிதரால் ஆக்க இயலாது.

இச்செடிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. உதிர்ந்த விதைகள் யாவும் மறு ஆண்டே முளைப்பதில்லை. ஒரு சிறு பங்கு முளைக்க, எஞ்சியவை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் வரையிலும் அவை உயிரோடிருக்கக்கூடும். மழை பொய்த்த ஆண்டுகளைக் கடப்பதற்கு இயற்கை தந்த வைப்புப் பணம் அது. ஆதலால் ஓராண்டிற் செடி கண்ணிற் படாமையால் அவ்விடத்தில் அது அழிந்துவிட்டது எனக் கொள்ளலாகாது.

ஈரத் திட்டில் ஒரு மாடு கால் வைத்தால் நிகழ்வது யாது? மேலிருக்கும் மெல்லிய மண்படை உடைந்து, அடியிலுள்ள களியோடு கலக்கின்றது. மேலாகக் கிடந்த விதைகள் முளைக்க இயலாத ஆழத்துக்குப் புதைகின்றன. உடைந்த திட்டில் அந்நியப் புல்லுக்கு இடம் கிடைக்கின்றது. செடியை மாடு தின்பதைவிட மிதிப்பதே பெருங்கேடு எனப்படுவது இதனாலேயே.

எரிந்த நிலம் தந்த சாட்சியம்

மேய்ச்சல் தீயைத் தடுக்குமா என்ற வினாவுக்கு 2007ஆம் ஆண்டு ஒரு கொடிய பரீட்சை நிகழ்ந்தது. அவ்வாண்டு யூலை மாதம் ஐடஹோ, நெவாடா எல்லையில் மின்னலால் மூண்ட பல தீக்கள் ஒன்றிணைந்து, சுமார் ஆறரை இலட்சம் ஏக்கரை எரித்தன. மேர்பி பெருந்தீ என அதற்குப் பெயர். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட நிலம் அது.

மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியதாலேயே புல் குவிந்து தீ இவ்வளவு பெருத்தது எனப் பண்ணையாளரும் அரசியல்வாதிகளும் குற்றஞ்சாட்டினர். அறிவியலாளர் குழுவொன்று எரிந்த நிலத்தை ஆராய்ந்தது. அதன் அறிக்கையை 2008இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. மிதமான வெப்பமும் மெல்லிய காற்றும் உள்ள வேளையில், மேய்ந்த நிலத்தில் தீயின் வேகமும் சுவாலையின் உயரமும் குறையக்கூடும் என அக்குழு கூறியது. கடும் வெப்பமும் வறட்சியும் பெருங்காற்றும் கூடிய வேளையில் மேய்ச்சலால் விளையும் பயன் அற்பமே என்றும் அது கூறியது. சேஜ்பிரஷ் அடர்ந்த இடத்தில் புதரே எரிபொருளாவதால், அடியிலுள்ள புல்லை மாடு தின்றும் தீ அடங்குவதில்லை.

பெருநாசம் விளைவிக்கும் தீக்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை நாட்களிலேயே நிகழ்கின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 2015 ஆகஸ்ட் மாதத்தில் ஒவைஹீ பகுதியிலும் அயலிலுள்ள ஒரிகன் மாநிலத்திலும் சுமார் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரை எரித்த சோடாத் தீயும் அத்தகைய கடுங்கோடையிலேயே மூண்டது.

ஒரே பருவம், இரு தேவைகள்

மாட்டைக் கொண்டு ஏமாற்றுப் புல்லைக் குறைப்பதற்கு உகந்த காலம் எது? அது பச்சையாக நிற்கும் இளவேனிற் காலம். சில வாரங்களுக்கு மட்டுமே மாடு அதனை விரும்பித் தின்னும். முற்றிய பின் அதன் கூரிய முட்கள் மாட்டின் வாயையும் கண்ணையும் புண்படுத்தும். எனவே தீயைக் குறைக்க விழைவோர் இளவேனிலில் மாட்டை விட வேண்டும் என்கின்றனர்.

வழுக்குத் திட்டுகள் நீர் நிரம்பி நெகிழ்ந்திருப்பதும் அதே இளவேனிற் காலத்திலேதான். மிளகுப்புல் முளைத்து வருவதும், நாட்டுப் புற்கள் வளர்ந்து வேரில் உணவு சேர்ப்பதும் அக்காலத்திலேதான். தீயிலிருந்து செடியைக் காக்கவென மாட்டை அனுப்பும் நாளே, மாட்டிடமிருந்து செடியைக் காக்க வேண்டிய நாளாகவும் அமைந்துவிடுகின்றது. நாட்டுப் புல்லும் மண்ணின் மேற்றோலும் அந்நாளில் தேய்வுற்றால், வரும் ஆண்டில் ஏமாற்றுப் புல்லுக்கே மேலும் இடம் கிடைக்கும்.

தீ அணைந்த பின் செய்யப்படும் வைத்தியத்திலும் இத்தகைய முரண்பாடு உண்டு. எரிந்த மண் பறவாதிருக்க உழுகருவிகளால் விதை ஊன்றுவது வழக்கம். அக்கருவியின் கொழுக்கள் வழுக்குத் திட்டுகளைக் கிழித்துச் சென்ற இடங்களுண்டு. தீயைத் தாங்கும், மாட்டுக்கும் உணவாகும் என்று விதைக்கப்பட்ட கோக்கியா என்னும் அந்நியச் செடி, பின்னர் அத்திட்டுகளுக்குள் புகுந்து மிளகுப்புல்லுடன் போட்டியிடுகின்றது.

அலைந்த கோவை

அருகி வரும் உயிரினங்களைக் காக்க அமெரிக்காவில் 1973இல் இயற்றப்பட்ட சட்டம் உண்டு. அச்சட்டத்தின் கீழ் மிளகுப்புல்லைச் சேர்க்க வேண்டும் என மீன், வனவிலங்குச் சேவைத் திணைக்களம் 2002இல் முன்மொழிந்தது. 2004இல் தனது முன்மொழிவைத் தானே மீளப் பெற்றது. சுற்றாடல் அமைப்பொன்று வழக்குத் தொடுக்க, 2005இல் நீதிமன்றம் அம்முடிவை நிராகரித்தது. 2007இல் திணைக்களம் இரண்டாம் முறையும் மீளப் பெற, 2008இல் நீதிமன்றம் அதனையும் நிராகரித்தது. 2009இல் மிளகுப்புல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. ஐடஹோ மாநில ஆளுநரும் பண்ணையாளர் சிலரும் வழக்கிட்டனர். 2012இல் நீதிமன்றம் அறிவிப்பை நீக்கியது. அறிவியற் சான்றுகளை அது குறைகூறவில்லை. சட்டத்தில் வரும் "முன்னறியத்தக்க எதிர்காலம்" என்ற தொடர், இச்செடியைப் பொறுத்தவரை எத்தனை ஆண்டுகள் என்பதைத் திணைக்களம் வரையறுக்கவில்லை என்பதே குறை. அதனைக் குறைந்தது ஐம்பது ஆண்டுகள் என வரையறுத்து, 2016இல் திணைக்களம் செடிக்கு மீண்டும் பாதுகாப்பளித்தது. 2023இல் அதன் இன்றியமையா வாழிடங்களும் சட்டப்படி குறிக்கப்பட்டன.

ஒரு சொல்லின் வரைவிலக்கணத்துக்காக ஆண்டுகள் கழிவதையும், ஏற்பும் மறுப்பும் மேன்முறையீடுமாகக் கோவை அலைவதையும் எம் வாசகர் பலர் தம் வாழ்விலேயே கண்டவர்கள். கோவை அலைந்த அந்த ஆண்டுகளிலேதான் மேர்பி பெருந்தீயும் எரிந்தது.

2009ஆம் ஆண்டு அறிவிப்பு, செடிக்கு முதன்மையான அச்சுறுத்தல்கள் என இரண்டைக் குறிப்பிட்டது: மாறிப்போன தீயின் போக்கு, அந்நியப் புற்களின் பெருக்கம். கால்நடை மிதிப்பை அது இவற்றுக்கு அடுத்த நிலையிலேயே வைத்தது. பண்ணையாளர் இதனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக் காட்டுவர். ஆயினும் அந்நியப் புல்லுக்கு வாசலைத் திறந்து விட்டதில் பழைய மிகை மேய்ச்சலுக்குப் பங்குண்டு என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இன்றைய பண்ணையாளர் செய்யாத பிழை அது. அதன் விளைவை இன்று அவரும் செடியும் சேர்ந்தே சுமக்கின்றனர்.

செய்யத்தக்கவை

பகைமைக்கு நடுவிலும் சில நற்செயல்கள் நடைபெற்று வருகின்றன. திட்டுகள் நீர் நிரம்பியிருக்கும் நாட்களில் மாடுகளை வேறிடத்துக்கு மாற்றுதல், உப்புக் கட்டிகளையும் நீர்த்தொட்டிகளையும் செடியிருக்கும் இடத்துக்குத் தொலைவில் வைத்தல் ஆகியன குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவன. மாடு எங்கே கூடுகின்றது என்பதை உப்பும் நீருமே தீர்மானிக்கின்றன. மண் காய்ந்த இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மேயவிட்டால், நாட்டுப் புல்லுக்கு ஊறு குறைவாகவும் பழைய சருகு குறைவாகவும் இருக்கும் என ஆய்வுகள் காட்டுகின்றன. வீதியோரங்களில் மட்டும் ஒடுங்கிய பட்டைகளாக மாடுகளை அடைத்து மேய்த்து, தீத்தடுப்பு வரிகளை ஆக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன.

ஐடஹோவில் 2012 முதல் பண்ணையாளரே பயிற்சி பெற்றுத் தொண்டர் தீயணைப்புச் சங்கங்களை அமைத்துள்ளனர். தீ மூண்ட முதல் மணித்தியாலத்தில் அருகில் இருப்பவர் அவர்களே. மேய்ச்சலை எதிர்ப்போரும் இத்தொண்டின் பயனை மறுக்க முடியாது. வியப்பூட்டும் இன்னொரு செய்தி, மிளகுப்புல் நன்கு எஞ்சியுள்ள இடங்களுள் ஒன்று பொய்சி நகருக்குத் தெற்கேயுள்ள இராணுவப் பயிற்சி நிலம் என்பதாகும். திட்டுகள் மீது வாகனம் ஏற்றக் கூடாதென்ற விதியும், தீயை உடனே அணைக்கும் ஏற்பாடும் அங்குள்ளன. இராணுவத்தால் இயலுமெனில் மற்றவர்க்கு இயலாதென்பது பொருந்தாது.

மேய்ச்சல் நன்றா தீதா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடையாது. எந்த நிலத்தில், எந்த மாதத்தில், எத்தனை மாடு என்று கேட்டால் விடை கிடைக்கும். அவ்விடை ஆண்டுக்காண்டு மழையைப் பொறுத்து மாறும். பத்தாண்டு அனுமதிப்பத்திரத்தில் ஒரே எண்ணை எழுதி வைத்துவிட்டு உறங்குவதற்கு அந்நிலம் இடந்தராது. மண்ணை நேரிற் பார்த்து முடிவெடுக்கும் அலுவலரும், சேறு காயும் வரை மாட்டைப் பிடித்து வைக்கும் பண்ணையாளரும் வேண்டும்.

ஒரு சாண் உயரச் செடிக்காக இத்தனை பாடா என்று கேட்போர் உளர். அச்செடி வாழும் நிலத்தில் சேஜ்பிரஷும் வாழும். நாட்டுப் புல்லும் மண்ணின் மேற்றோலும் வாழும். நாளைய மாட்டுக்கும் உணவிருக்கும். அச்செடி இல்லாதொழிந்த நிலம் பெரும்பாலும் ஏமாற்றுப் புல்லின் கையில் வீழ்ந்த நிலமாகவே இருக்கும். அங்கே மாட்டுக்குச் சில வாரப் பசுமையும், எஞ்சிய காலமெல்லாம் தீயின் அச்சமுமே மிஞ்சும். மிளகுப்புல்லின் விதை மண்ணுக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வல்லது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எரியும் நிலத்தில், அந்தக் காத்திருப்பும் பயனற்றுப் போகும்.